ஓரத்தில் எழுதியது

தருமபுரி
9-1-1977

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணிக்குப் பல்வலி, பிடுங்கவும் மாட்டேன் என்கிறாள், புலம்பலையும் விடமாட்டேன் என்கிறாள். அரூரில் மாப்பிள்ளையும் உன் மகள் நசீம் பானுவும் சுகம்தானே? உன் மாமனார் காஜா மாமாவுக்குக் கண்ணில் புரை இன்னும் முற்றவில்லையா? முற்றினால்தான் ஆபரேஷன் என்று எத்தனை நாளைக்குச் சொல்வார்கள்?

ஒரு விஷயம். கிளை நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைக் கழிக்கிறார்கள். எது பைண்டிங்குக்குத் தேறும், எது தேறாது என்று பார்த்துச் சொல்ல ஒரு தமிழ் வாத்தியார் வேண்டுமென்று மாயவன் வந்து கூப்பிட்டார். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது புத்தகம் எடுத்துக் கொடுப்பாரே, அதே மாயவன்தான். போனேன். மூன்றாவது மூட்டையில் அந்தப் புத்தகம் கிடந்தது. எது என்று உனக்குத் தெரியும். வெளிநாட்டுத் துறைமுக ஊரில் குடை பழுதுபார்க்கிறவரின் மகன், பதினாறு வயதுப் பையன், தன் கதையைத் தானே சொல்வானே, அந்த மொழிபெயர்ப்பு நாவல். கதை தொடங்குவதற்கு முந்தின எட்டுப் பக்கம் இல்லை. தலைப்பும் ஆசிரியர் பெயரும் அதோடு போயாயிற்று. மற்றபடி அதே பிரதிதான்.

பதினேழு வயதில் அதை நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். எடைக்குப் போகிற புத்தகம்தானே என்று கேட்டு வாங்கி வந்துவிட்டேன். மறுபடி படிக்கப் போகிறேன்.

எல்லோருக்கும் சலாம் சொல்.

உன் அண்ணன்
நசீருதீன்


அரூர்
30-1-1977

அன்புள்ள அண்ணனுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ் அருளால் நாங்கள் சுகம். அண்ணியைக் கிராம்புத் தைலம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாமாவுக்கு இடது கண் முழுக்கப் போய்விட்டது, வலதில் ஆள் அசைவது மட்டும் தெரிகிறது. புளி மண்டியை இப்போது முழுக்க உங்கள் மாப்பிள்ளைதான் பார்க்கிறார்.

மாமாவுக்குப் பொழுதுபோக்கே தபால்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் வந்த கடிதங்களை நசீம் சத்தமாக வாசிக்க வேண்டும், வீடு மொத்தமும் உட்கார்ந்து கேட்க வேண்டும். புளி அனுப்பச் சொல்லி வருகிற கார்டுகூட இரண்டு தடவை. வாத்தியார் கடிதம் என்றால் மூன்று தடவை. உங்கள் எழுத்தில் பிழையே இல்லை என்று அவருக்குப் பெருமை.

நசீம் இந்த வருஷம் எட்டை முடிக்கிறாள். ஒன்பதாவதுக்கு ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கிற பள்ளிக்குத்தான் போக வேண்டும். எட்டே போதும் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி வருகிறேன். டீச்சர் டிரெய்னிங் வரை படிக்க வேண்டும் என்கிறாள். எங்கிருந்து வந்த ஆசையோ.

கிழிந்த புத்தகத்தை எதற்கு வீட்டுக்குள் கொண்டுவந்தீர்கள்? அண்ணி பாவம், இனி செல்பூச்சியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

உங்கள் துஆவை நாடும்
தங்கை


தருமபுரி
20-2-1977

அன்புத் தங்கைக்கு,

சலாம். பல்லைப் பிடுங்கியாயிற்று. வீடு அமைதியாக இருக்கிறது. மாமாவின் வலது கண்ணாவது நிற்கட்டும் என்று துஆ செய்கிறோம்.

புத்தகத்தில் பாதி வந்துவிட்டேன். இந்தப் பையனையா நான் என்னைப் போலவே ஒருவன் என்று நினைத்தேன்? ஊரில் எல்லோரும் வேஷக்காரர்கள், இவன் ஒருவன்தான் நிஜம். அவன் அப்பா வாடிக்கையாளர் வாசலில் குனிந்து நிற்பதைக் கூட நடிப்பு என்கிறான். பன்னிரண்டு மணி நேரம் குடைக்கம்பியை நெளித்தவனுக்கு முதுகு நிமிராது என்று இவனுக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை.

நான் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியதெல்லாம் அப்படியே இருக்கிறது. அவன் தன் ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் எதிரே நம் ஊர்க்காரர் ஒருவரை நிறுத்தியிருக்கிறேன். கணக்கு வாத்தியார் சென்றாயன் சாரைப் பற்றி, “விடை தெரியாதபோதெல்லாம் இருமுவார்” என்று எழுதியிருக்கிறேன். இப்போது வகுப்பில் நானே இருமுகிறேன்.

112-ஆம் பக்கத்தில் அத்தாவைப் பற்றி எழுதியதும் இருக்கிறது. அதை இங்கே எடுத்து எழுதக் கை வரவில்லை. நாம் அதைப் பற்றி இதுவரை பேசியதே இல்லை.

உன் அண்ணன்
நசீருதீன்


அரூர்
2-3-1977

அன்புள்ள அண்ணனுக்கு,

சலாம். எல்லோரும் நலம். அவசரமாக எழுதுகிறேன்.

“நாம் அதைப் பற்றி இதுவரை பேசியதே இல்லை” என்று வாசித்ததும் நசீம் நிறுத்தி, “எதைம்மா?” என்றாள். மாமாவும் காதருகே கையைக் குவித்துக்கொண்டார். சென்றாயன் வாத்தியாரின் இருமலைத்தான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மாமா பாதி இறங்கி வந்திருக்கிறார். “ஜூன் மாசம் வரட்டும், பாப்போம்” என்கிறார். அவர் வாயிலிருந்து அது வர எனக்கு ஆறு மாதம் ஆனது. அதுவரை இந்த வீட்டில் புத்தகம் என்ற பேச்சே வேண்டாம். எதுவாக இருந்தாலும் நேரில் வரும்போது பேசலாம். இரண்டு மணி நேர பஸ்தானே. பெருநாளைக்கு வந்து கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஓடுகிறீர்களே, ஒரு தடவை நிதானமாக வாருங்கள்.

தங்கை


தருமபுரி
24-4-1977

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமே நாடுகிறேன். வீட்டில் வாசிப்பார்கள் என்று நீ எழுதியதால் இதைக் கவரில் போட்டு ஒட்டி, உன் பெயருக்கே அனுப்புகிறேன். இது உனக்கு மட்டும்.

புத்தகத்தை முடித்துவிட்டேன். 112-ஆம் பக்கத்தில் நான் எழுதியது இது: “பள்ளிவாசல் நிர்வாகி முத்தவல்லி பக்கத்தில் நின்றால் அத்தா தொழுகையில் தரையில் வைத்த நெற்றியை எடுக்கவே மாட்டார், அப்படி ஒரு சஜ்தா. எல்லாம் நடிப்பு.” பதினேழு வயதில் எழுதியது. ஒரு மெத்தைக் கடைக்காரர், மனைவியை இழந்தபின் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர், அவரைப் பற்றி.

அதற்குக் கீழே, உன் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. “அன்று மெத்தை தைக்கிற ஊசி முழங்காலில் குத்தி உள்ளேயே ஒடிந்திருந்தது. அவரால் எழ முடியவில்லை.”

நான் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே நீ எல்லாவற்றையும் படித்திருக்கிறாய். அப்புறம் அதை நூலகத்தில் சென்றாயன் சார் எடுத்துப் படித்துவிட்டுக் கொதிப்போடு நம் வீட்டுக்கு வந்து, உன் வரியை விட்டுவிட்டு என் வரிகளை மட்டும் அத்தாவுக்கு வாசித்துக் காட்டினார். அத்தா என் பக்கம் திரும்பி, “யாருடா எழுதுனது?” என்றார். நூலகக் கார்டு என் பெயரில். ஆனால் புத்தகத்தை நீயும் படிப்பாய் என்று ஊருக்கே தெரியும். நான் சொன்னேன்: “நான் அதைப் படிக்கவே இல்லீங்க அத்தா. வஹிதாவுக்குத்தான் எடுத்தாந்தேன்.”

நீ என்னைப் பார்த்தாய். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மறுநாளிலிருந்து உனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அடுத்த வருஷம் நிக்காஹ். நீ டீச்சராக ஆசைப்பட்டாய், நான் வாத்தியாரானேன். மூன்று வருஷத்துக்கு முன் அத்தா மௌத்தாகும்வரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

அந்தப் பையன் கடைசி அத்தியாயத்தில் சந்தைக்கு நடுவே நின்று தான் செய்ததை எல்லாம் உரக்கச் சொல்வான். சொன்னதும் பாரம் இறங்கிவிடும். எனக்கும் இப்போது நெஞ்சு லேசாகிவிட்டது. என்னை மன்னித்துவிடு.

உன் அண்ணன்
நசீருதீன்


தருமபுரி
29-5-1977

அன்புத் தங்கைக்கு,

சலாம். உன் கடிதம் இல்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கவர் வந்து சேர்ந்ததா? திட்டியாவது இரண்டு வரி எழுது. நசீம் பாஸ் செய்திருப்பாள். அவளுக்கு ஒரு பேனா வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்
நசீருதீன்


அரூர்
14-6-1977

மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அனைவரும் சுகம். தங்கள் தங்கையும் சுகம். நசீம் பானு பாஸ். என் அத்தாவின் முடிவுப்படி அவளை எட்டோடு நிறுத்தியாயிற்று. பேனா தேவையில்லை. இனி கவரில் எழுத வேண்டாம். கார்டே போதும்.

அப்துல் கனி


அரூர்
3-7-1977

அண்ணனுக்கு,

சலாம். சுகம்.

இந்த வீட்டுக்குக் கவர் வந்ததே இல்லை. கார்டு வரும், மிஞ்சினால் இன்லண்டு வரும். தபால்காரர் கவரை நீட்டியதும் யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று மாமா நடுங்கிவிட்டார். சாப்பாட்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. “மொதல்ல படி புள்ள” என்றார். என் பெயருக்கு வந்தது என்று நான் கையை நீட்டியிருந்தால் சந்தேகம் இன்னும் கூடியிருக்கும். நசீம் படித்தாள். உங்கள் மாப்பிள்ளை இருந்தார், மண்டியில் புளி கொட்டை எடுக்கிற குள்ளம்மாளும் இருந்தாள். நசீம் நிறுத்தாமல் படித்தாள். “வஹிதாவுக்குத்தான்” என்ற இடத்தில் மட்டும் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

இவளுக்குப் படிப்பு ஏறவில்லை, தானாக நின்றுவிட்டாள் என்று சொல்லித்தான் அத்தா என்னை இந்த வீட்டில் கொடுத்தார். பதினைந்து வருஷம் நானும் அப்படியே இருந்துவிட்டேன். மாமா அன்று கேட்டது ஒன்றுதான். “புஸ்தகத்துல பெத்தவனப் பத்தி எழுதற வூடா அது? நீயும் தெரிஞ்சே மறைச்சியா?” மறைத்தேன் என்றேன். வேறென்ன சொல்ல. அப்புறம், “நம்ம வூட்டுப் புள்ளைக்கு இதெல்லாம் வேண்டாம்” என்றார். ஜூன் மாதம் அத்தோடு முடிந்தது.

நேரில் பேசலாம் என்றேன், புத்தகப் பேச்சே வேண்டாம் என்றேன். இரண்டையும் படித்துவிட்டு, கவரில் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தீர்களே. உங்கள் மேல் எனக்குக் கோபம் அன்றைக்குக்கூட இவ்வளவு இல்லை. அப்போது உங்களுக்குப் பதினேழு. இப்போது?

நெஞ்சு லேசாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பையனும் சந்தையில் கத்திவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்தான், எனக்கு நினைவிருக்கிறது. அவன் வீட்டார் படுத்தார்களா என்று அந்தப் புத்தகத்தில் இல்லை.

தங்கை


தருமபுரி
17-7-1977

அன்புத் தங்கைக்கு,

சலாம். உன் கடிதத்தை உன் அண்ணிக்குக் காட்டவில்லை. காட்டும்படியாக நான் நடந்துகொள்ளவில்லை. வருகிற ஞாயிறு, 24-ஆம் தேதி, அரூர் வந்து மாமாவின் முன்னால் உட்கார்ந்து என் வாயால் சொல்கிறேன். இன்ஷா அல்லாஹ், கட்டாயம்.

உன் அண்ணன்
நசீருதீன்


அரூர்
31-7-1977

அண்ணனுக்கு,

சலாம். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்காக ஆட்டுக்கறி எடுத்திருந்தோம். வரவில்லை. உடம்புக்கு ஏதோ என்று பயந்தேன்.

மறுநாள் குள்ளம்மாள் சொன்னாள். “உங்கண்ணன் மண்டிக்கு எதிர்த்தாப்பல டீக்கடையில உக்காந்திருந்தாருங்க. ரெண்டு டீ குடிச்சாரு. இந்த வூட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்பறம் வந்த பஸ்ஸுலயே ஏறிட்டாருங்க.” நசீமும் பார்த்திருக்கிறாள். வாசலில் புளி காய வைத்துக்கொண்டிருந்தாளாம். “மாமு என்னப் பாத்ததும் தலையக் குனிஞ்சுக்கிட்டாரும்மா” என்றாள். என்னிடம் சொல்ல ஒரு நாள் தயங்கியிருக்கிறாள்.

கறியை நாங்களே சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

வரத் தைரியம் இல்லையென்றால் எழுதுங்கள். எனக்கு எழுதாதீர்கள், என்னிடம் சொல்ல உங்களுக்கு இனி ஒன்றும் பாக்கி இல்லை. யாரிடம் சொன்னால் இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவாளோ அவரிடம் சொல்லுங்கள். பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது.

தங்கை


தருமபுரி
7-8-1977

(முதல் கார்டு)

மரியாதைக்குரிய காஜா மாமா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் கண்ணுக்கு அல்லாஹ் சுகம் தரட்டும். இதைத் திறந்த கார்டில் எழுதுகிறேன். தபால்காரர், மண்டியில் இருப்பவர்கள், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நசீம் சத்தமாக வாசிக்கட்டும். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு தங்கள் வீட்டு எதிரே டீக்கடை வரை வந்து, உள்ளே வரப் பயந்து திரும்பிப் போனவன் நான்தான்.

(இரண்டாம் கார்டு)

1961-இல் என் அத்தாவைப் பற்றிப் புத்தகத்தில் கேவலமாக எழுதியது நான். பழியை என் தங்கை வஹிதாவின் மேல் போட்டதும் நான். அவள் எழுதியது ஒரே ஒரு வரி, அதுவும் அத்தாவுக்குப் பரிந்து எழுதியது. தாங்கள் நம்புவதற்காகப் புத்தகத்தையும் தனியே பார்சலில் அனுப்பியிருக்கிறேன். 112-ஆம் பக்கத்தை நசீம் வாசிக்கட்டும். வஹிதா தங்களிடம் மறைத்தது என்னை. தன்னை அல்ல.

(மூன்றாம் கார்டு)

என் பொய்யை நம்பி அத்தா ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தினார். அவருக்கு உண்மை தெரியாது. தங்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் அதே குற்றத்துக்கு இன்னொரு பெண்ணை நிறுத்தினால் அந்தப் பாவமும் என் கணக்கில்தான் சேரும், தாங்கும் தெம்பு எனக்கு இல்லை. என்னைத் தங்கள் வாசலில் ஏற்ற வேண்டாம். பிள்ளையை அனுப்புங்கள்.

நசீருதீன்


அரூர்
18-9-1977

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். உடனே எழுதாததற்குக் காரணம் கோபம் அல்ல. இது நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

மூன்று கார்டும் ஒரே நாளில் வரவில்லை. மூன்றாவது முதலிலும் முதலாவது கடைசியிலும் வந்தன. மாமாவிடம் வருவதற்குள் மண்டியில் எல்லோரும் படித்துவிட்டார்கள். உங்கள் மாப்பிள்ளை இரண்டு நாள் கடைப்பக்கம் தலை காட்டவில்லை. தருமபுரியிலிருந்து புளி வாங்க வருகிறவர்கள்கூட, “அந்தத் தமிழ் வாத்தியாரா?” என்று கேட்டிருக்கிறார்கள். உங்கள் காதுக்கும் வந்திருக்கும்.

பார்சல் வந்த அன்று மூன்றையும் வரிசையாக அடுக்கி நசீம் வாசித்தாள். அப்புறம் 112-ஆம் பக்கம். உங்கள் வரி, அதன் கீழே என் வரி. மாமா என் வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, “எந்த முழங்கால்?” என்றார். வலது என்றேன்.

“நிக்காஹ் அன்னிக்கு சம்பந்தி எங்க முன்னாடி வலது கால நீட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தாரு. மரியாத தெரியாத மனுசன்னு நெனச்சேன். கடேசி வரைக்கும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருந்தேன்” என்றார். தோளில் கிடந்த துண்டால் அந்தப் பார்வை போன கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போகும்போது உங்கள் மாப்பிள்ளையிடம், “நாளைக்கே கூட்டிட்டுப் போய்ச் சேத்துடு” என்றார்.

தாமதமாக வந்ததற்குத் தலைமையாசிரியர் திட்டிவிட்டுச் சேர்த்துக்கொண்டார். ஒரு மாதமாகப் போய் வருகிறாள். உங்களை மாமா வரச் சொல்கிறார். எப்போது என்று நான் கேட்கவில்லை. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.

புத்தகத்தை நசீம் விடவில்லை. மாமாவிடமே கேட்டு வாங்கிப் படித்தாள். முடித்த அன்று, அந்தப் பையன் எப்படி என்று கேட்டேன். உங்களைப் போல அவளும் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவாளோ என்று பயம். அவள் யோசித்துவிட்டு, “அவனுக்கு ஒரு தங்கச்சி இருக்குதும்மா. தெனம் அவனோட நனஞ்ச ஷூவை அடுப்புக்கிட்ட வெச்சுக் காய வெக்குது. ஊருல இருக்கற நாய்க்கு மொதக்கொண்டு பேரு சொல்றான். அந்தப் புள்ள பேர மட்டும் கடைசி வரைக்கும் அவன் சொல்லவே இல்ல” என்றாள்.

புத்தகத்தை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை தேடினேன். உண்மைதான். அன்றைக்கு நானும் கவனிக்கவில்லை.

நீங்கள் இரண்டு தடவை படித்திருக்கிறீர்களே அண்ணா, நீங்கள் கவனித்தீர்களா?

அண்ணிக்கு என் சலாம்.

இப்படிக்கு
வஹிதா